கொன்செப்சியோன் குடாவில் டிரெய்லரோடு தங்க: முதல்முறை போகிறவர்களுக்கு

மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியா தீபகற்பத்தில், முலெஹே என்ற சின்ன ஊரைத் தாண்டித் தெற்கே இருபது கிலோமீட்டர் போனால் இடப்பக்கம் கொன்செப்சியோன் குடா விரியும். நெடுஞ்சாலையை ஒட்டியே வரிசையாகச் சிறு கடற்கரைகள்: சான்திஸ்பாக், எல் புர்ரோ, எல் கோயோத்தே, எல் ரெக்கெசோன். அலை அடங்கிய கடல். டிரெய்லரை, அதாவது வண்டிக்குப் பின்னால் இழுத்துப்போகும் சக்கர வீட்டை, தண்ணீருக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு வாரக்கணக்கில் இருக்கலாம். ஆனால் குழாய் கிடையாது, மின்கம்பம் கிடையாது, டிரெய்லர் கழிவைக் கொட்டவும் இடம் கிடையாது. ஓலைப் பந்தலும் குழிக் கழிப்பறையும் இருந்தால் அதுவே வசதி.

அமெரிக்காவிலிருந்தோ கனடாவிலிருந்தோ டிரெய்லரை இழுத்துக்கொண்டு முதல்முறை போகிறவர்களுக்காக இது. அங்கே தங்கும் நாட்களைக் காலண்டரை வைத்துக் கணக்கிடாதீர்கள். நல்ல தண்ணீர் டேங்க் காலியாகும் நாள், கழிவு டேங்க் நிரம்பும் நாள், இரண்டில் எது முந்துகிறதோ அதுதான் உங்கள் கெடு.

1. போகும் மாதம்

நவம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் வரை. கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். குடாவுக்குள் புழுக்கம் வேறு. ஆகஸ்ட், செப்டம்பரில் புயல். முலெஹே ஆறு 2006-இல் ஜான் புயலிலும் 2009-இல் ஹிமேனா புயலிலும் ஊருக்குள் புகுந்திருக்கிறது. டிரெய்லரை வைத்துக்கொண்டு அந்த மாதங்களில் சூதாட வேண்டாம்.

ஈஸ்டருக்கு முந்தைய வாரத்தைக் காலண்டரில் குறித்துவையுங்கள். அந்த வாரம் மெக்சிகோ குடும்பங்கள் கூடாரம், ஒலிபெருக்கி, ஐஸ் பெட்டி சகிதம் எல்லாக் கடற்கரைகளையும் நிரப்பிவிடும். முன்பதிவு என்ற பேச்சே இல்லை, முதலில் வந்தவருக்கே இடம். கூட்டம் பிடிக்காதவர்கள் அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

2. காகிதங்கள்

கடவுச்சீட்டு, குடியேற்ற அனுமதிச் சீட்டு, வண்டிக்கும் டிரெய்லருக்கும் பதிவுச் சான்றின் அசல், மெக்சிகோ இன்ஷூரன்ஸ். இவ்வளவுதான். ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரு குழி உண்டு.

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு மெக்சிகோ விசா தேவை. செல்லுபடியாகும் அமெரிக்க விசாவோ, அமெரிக்க அல்லது கனடா நிரந்தர வசிப்புரிமை அட்டையோ கையில் இருந்தால் தனி விசா வேண்டாம். சிக்குவது எச்-1பி என்ற அமெரிக்க வேலை விசாவில் இருப்பவர்கள்தான். கடவுச்சீட்டில் உள்ள விசா முத்திரை காலாவதியாகி, அமெரிக்காவில் தங்க அனுமதி காட்டும் ஐ-94 பதிவு மட்டும் உயிரோடு இருந்தால், முப்பது நாளுக்குள் மெக்சிகோ போய்த் திரும்ப அமெரிக்க விதிகளில் ஒரு சலுகை உண்டு. அந்தச் சலுகை அமெரிக்காவுக்குள் திரும்பி வருவதற்கு மட்டும். காலாவதியான முத்திரையை மெக்சிகோ அதிகாரி ஏற்க வேண்டியதில்லை. அப்படிப்பட்டவர்கள் மெக்சிகோ தூதரகத்தில் தனியாக விசா எடுத்துக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். மனைவி, பிள்ளைகள் ஒவ்வொருவர் முத்திரையின் தேதியையும் பாருங்கள். ஒருவருடையது முடிந்திருந்தாலும் மொத்தக் குடும்பமும் நிற்க வேண்டியதுதான்.

அனுமதிச் சீட்டை எல்லோரும் எஃப்.எம்.எம். என்பார்கள். ஏழு நாளுக்குள் திரும்பினால் கட்டணம் இல்லை. அதற்கு மேல் என்றால் ஆளுக்கு ஆயிரம் பெசோ ஒதுக்கிவையுங்கள். ஜனவரி தோறும் தொகை ஏறுகிறது. தரைவழி எல்லையில் இதற்காக உங்களை யாரும் நிறுத்த மாட்டார்கள். பச்சை விளக்கு எரியும், வண்டி உருண்டு உள்ளே போய்விடும், முத்திரை இல்லாமலேயே நாட்டுக்குள் இருப்பீர்கள். நீங்களாகவே ஓரங்கட்டி, இறங்கி, குடியேற்ற அலுவலகத்தைத் தேடிப்போய் முத்திரை வாங்க வேண்டும். 180 நாள் வரை கொடுக்கலாம் என்றாலும் எத்தனை நாள் என்று எழுதுவது அதிகாரி. கவுன்டரை விட்டு நகருமுன் அந்த எண்ணைப் படியுங்கள். பிறகு திருத்தித் தர மாட்டார்கள்.

வண்டிக்கான தற்காலிக இறக்குமதி அனுமதி பாஹா தீபகற்பத்துக்குள் தேவையில்லை. லா பாஸ் துறைமுகத்திலிருந்து கப்பலில் மெக்சிகோ பெருநிலத்துக்குக் கடக்கும் எண்ணம் இருந்தால் மட்டும் வேண்டும்.

அமெரிக்க, கனடா வாகன இன்ஷூரன்ஸின் மூன்றாம் நபர் காப்பீடு அங்கே செல்லாது. மெக்சிகோ பாலிசி வாங்கும்போது இழுக்கும் வண்டியோடு டிரெய்லரையும் பெயர் குறித்துச் சேர்க்க வேண்டும். பாலிசியில் இல்லாத டிரெய்லரை இழுத்துக்கொண்டு விபத்தில் சிக்கினால், வண்டிக்கான இழப்பீட்டையும் சேர்த்து மறுக்கக்கூடும். மூன்றாம் நபர் காப்பீடு 5 லட்சம் டாலருக்குக் குறையாமல், சட்ட உதவியும் சேர்த்து எடுங்கள். மூன்று நான்கு வாரத்துக்கு மேல் தங்குவதாக இருந்தால் வருடப் பாலிசி விலையையும் கேளுங்கள். பெரும்பாலும் வித்தியாசம் சொற்பம்தான். வண்டி கடனில் இருந்தால் மெக்சிகோவுக்கு எடுத்துப்போக வங்கி கொடுத்த ஒப்புதல் கடிதம் வேண்டும்.

துப்பாக்கி கூடவே கூடாது. தோட்டாவும் அப்படியே. போன வருட வேட்டையில் இழுப்பறை மூலையில் உருண்டு போன ஒரே ஒரு தோட்டா போதும், சிறைக்குப் போக. பழைய டிரெய்லர் வாங்கியவர்கள் ஒவ்வொரு இழுப்பறையையும் வெளியே எடுத்துக் கவிழ்த்துப் பாருங்கள். வேப் எனும் மின்-சிகரெட் கருவிகளையும் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். அவற்றை உள்ளே கொண்டுவரத் தடை இருக்கிறது.

3. டிரெய்லரைத் தயார் செய்தல்

சக்கரப் பேரிங்கை முதலில் கவனியுங்கள். கழற்றி, கழுவி, புது கிரீஸ் வைத்து மூடுங்கள். ஒரு சக்கரத்துக்கான முழுப் பேரிங் செட்டும் சீலும் பையில் இருக்கட்டும்; உங்கள் அச்சின் அளவு அங்கே கடையில் கிடைக்கும் என்று நம்ப முடியாது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் சக்கரத்தின் நடுக்குடத்தில் புறங்கையை வையுங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கை வைக்க முடியாமல் சுட்டால் அந்தப் பேரிங் போய்க்கொண்டிருக்கிறது.

உபரி டயர் இரண்டு. பஞ்சர் கடைக்குக் குறைவில்லை; 'யந்தேரா' என்று பழைய டயரிலேயே வெள்ளைப் பெயின்ட்டில் எழுதிச் சாலையோரம் வைத்திருப்பார்கள். பஞ்சர் ஒட்ட வேண்டுமானால் அங்கே முடியும். டயர் கிழிந்துவிட்டால் அவர்களிடம் உங்கள் அளவு இருக்காது. சக்கர நட்டுகளைக் கழற்றி மாட்டியிருந்தால் எண்பது கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி இறுக்குங்கள்.

ஜாக்கியோடு முப்பது சென்டிமீட்டர் சதுரத்தில், கனமான ஒரு பிளைவுட் பலகை அவசியம். அது இல்லாவிட்டால் மணலில் ஜாக்கிதான் கீழே போகும், வண்டி மேலே வராது.

4. சாலை

திஹுவானாவிலிருந்து முலெஹே ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர். டிரெய்லரோடு மூன்று பகல். முதல் நாள் எல் ரொசாரியோ, இரண்டாம் நாள் கெர்ரேரோ நெக்ரோ, மூன்றாம் நாள் முலெஹே. இரவில் ஓட்டவே கூடாது. சாலை சூட்டுக்கு மாடுகள் நடுவில் வந்து படுத்துக்கொள்ளும். கறுப்பு மாடு ஹெட்லைட்டில் தெரியும்போது பிரேக்குக்கு நேரம் இருக்காது. மாலை நான்கு மணிக்கு நின்றுவிடுவது என்று ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றாம் எண் நெடுஞ்சாலையில் பல இடங்களில் ஓரமே கிடையாது. வெள்ளைக் கோடு முடியும் இடத்தில் தார் முடியும், அடுத்து பள்ளம். எதிரே லாரி வந்தால் கண்ணாடிகள் உரசும் நெருக்கம். வேகத்தை 70-இல் வைத்து, லாரி வரும்போது இன்னும் குறைத்து, வலப்பக்க டயர் கோட்டின் மேலேயே ஓடும்படி பிடியுங்கள். அகலமான டிரெய்லர் என்றால் மெக்சிகலி, சான் ஃபெலிப்பே வழியாக ஐந்தாம் எண் சாலையில் வருவது நிம்மதி. முழுக்கத் தார் போட்டாயிற்று, அகலமும் அதிகம். அந்தச் சாலை லகுனா சாபாலா அருகே ஒன்றாம் எண்ணில் சேரும்.

எந்த வழி வந்தாலும் எரிபொருள் வறட்சி ஒன்று உண்டு. ஒன்றாம் எண்ணில் எல் ரொசாரியோ தாண்டினால் அடுத்த நம்பகமான பங்க் ஏறக்குறைய 320 கிலோமீட்டர் தள்ளி. ஐந்தாம் எண்ணில் சான் ஃபெலிப்பேயில் நிரப்பினால் கெர்ரேரோ நெக்ரோ வரை கிட்டத்தட்ட 400 கிலோமீட்டர். நடுவில் கோன்சாகா குடாவில் உள்ள பங்கை நம்பிக் கிளம்ப வேண்டாம். டிரெய்லர் இழுக்கும்போது மைலேஜ் பாதியாகும் என்று கணக்குப் போட்டு, இருபது லிட்டர் கேன் ஒன்று கூடுதலாக வையுங்கள். பங்க்கில் மீட்டர் பூஜ்யம் காட்டுகிறதா என்று இறங்கி நின்று பாருங்கள். கொடுக்கும் நோட்டை வாய்விட்டு எண்ணிக் கொடுங்கள்.

முன்னால் போகும் லாரி இடப்பக்க விளக்கைச் சிமிட்டினால், 'முந்திக்கொள், எதிரே வண்டி இல்லை' என்று அர்த்தம். 'நான் இடப்பக்கம் திரும்பப் போகிறேன்' என்றும் அர்த்தம். இரண்டுக்கும் அதே விளக்குதான்! பக்கத்தில் கிளைச்சாலை ஏதும் இல்லை என்று உறுதியானால் மட்டும் முந்துங்கள்.

ராணுவச் சோதனைச் சாவடிகள் வழியெங்கும் உண்டு. ஆயுதம், போதைப்பொருள் தேடுவார்கள். எங்கிருந்து, எங்கே என்று கேட்பார்கள்; 'முலெஹே' என்றால் போதும். டிரெய்லருக்குள் ஏறினால் ஒருவர் கூடவே போய்க் கதவருகில் நில்லுங்கள், இன்னொருவர் வண்டியை விட்டு நகராதீர்கள். சிரித்துப் பேசினால் ஐந்து நிமிடம்.

கெர்ரேரோ நெக்ரோவில் மாநில எல்லை. அங்கே வேளாண் சோதனையில் பழங்களைப் பிடுங்கிக்கொள்ளலாம், அதற்கு முன்பே தின்று தீர்த்துவிடுங்கள். வண்டியின் அடிப்பாகத்துக்கு மருந்து அடித்துச் சில்லறை வாங்குவார்கள், ஜன்னலை ஏற்றிவிடுங்கள். குளிர்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ள வேண்டியதும் இங்கேதான். சாந்தா ரொசாலியாவுக்குச் சற்று முன் 'நரகச் சரிவு' என்று பெயர் வாங்கிய இறக்கம் வரும். மேலேயே கீழ் கியருக்கு மாறி, டிரெய்லர் பிரேக்கை ஒருமுறை சோதித்துவிட்டு இறங்குங்கள்.

வண்டி நின்றுவிட்டால் 078. 'பச்சைத் தேவதைகள்' என்ற அரசு உதவி வண்டி வரும். அவசரத்துக்கு 911.

5. எந்தக் கடற்கரை

சாலையோரக் கிலோமீட்டர் கற்கள் தெற்கே உள்ள லொரேத்தோ ஊரிலிருந்து வடக்கே எண்ணப்பட்டவை. ஆகவே நீங்கள் தெற்கே போகப்போக எண் குறையும். முலெஹே 135, சான்திஸ்பாக் 114, எல் புர்ரோ 109, எல் கோயோத்தே 108, எல் ரெக்கெசோன் 92.

முதல்முறை என்றால் சான்திஸ்பாக். நுழையும் பாதை அகலம், தரை இறுகியது, பெரிய டிரெய்லரும் திரும்பும். குறை என்னவென்றால் லாரிகள் சரிவில் இறங்கும்போது எஞ்சின் பிரேக் போடும் உறுமல் இரவெல்லாம் கேட்கும். ஒரு பக்கம் அலையாத்திக் காடு இருப்பதால் பூச்சி வேறு. கோயோத்தே அழகு, ஆனால் உள்பக்கத்துக்குப் போகும் பாதை பாறைக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு வண்டி அகலத்துக்குத்தான் இருக்கும். நடந்து பார்த்து, எதிரே யாரும் வராதபடி ஓர் ஆளை மறுமுனையில் நிறுத்திவிட்டு ஓட்டுங்கள். ரெக்கெசோனில் கடல் வற்றும்போது தீவு வரைக்கும் மணல் திட்டு எழும்பும். படங்களில் எல்லோரும் பார்ப்பது அதைத்தான். அந்தத் திட்டின் மேல் வண்டியை ஏற்ற நினைக்காதீர்கள்.

கட்டணம் வசூலிக்க ஒருவர் காலையிலோ மாலையிலோ வருவார். இரவுக்கு 200 முதல் 300 பெசோ என்று திட்டமிடுங்கள், ரசீது கேளுங்கள். வாரக் கணக்கில் பேசினால் குறையலாம். கடல் ஏறி வந்து நிற்கும் உயர் ஓதக் கோட்டிலிருந்து இருபது மீட்டர் மத்திய அரசின் நிலம் என்பது சட்டம்தான். ஆனால் கழிப்பறையையும் குப்பையையும் பார்த்துக்கொள்வது வசூலிக்க வருகிறவர். சட்டம் பேசிப் பணம் மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள்.

6. மணலில் நிறுத்துவது

இறங்கி நடங்கள். வெள்ளையாகப் பொடிபோல் இருக்கும் மணலில் குதிகால் புதைந்தால் டயரும் புதையும். ஏற்கெனவே பெரிய வண்டிகள் நின்று இறுகிய சாம்பல் நிறத் தரைதான் வேண்டும். மேலே மெல்லிய உப்புப் படலம் காய்ந்து, அடியில் ஈரமாக இருக்கும் இடம்தான் ஏமாற்றுவது. காலுக்குத் தாங்கும், நான்கு டன்னுக்கு உடையும்.

காய்ந்த பாசியும் சிப்பிகளும் ஒதுங்கிய கோடு தெரியும். அதுதான் போன உயர் ஓதம் வந்து நின்ற இடம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இன்னும் மேலே ஏறும். ஆகவே அஷ்டமி வாக்கில் போய்ச் சேர்ந்தவர்கள் கோட்டைப் பார்த்து ஏமாற வேண்டாம். இன்னும் ஐந்தாறு மீட்டர் பின்வாங்கி நில்லுங்கள். மலையிலிருந்து இறங்கும் வறண்ட ஓடைப் படுகையிலும் நிற்காதீர்கள். சமதளமாக, காலியாக இருப்பதைப் பார்த்ததும் ஆசை வரும். மழை எங்கோ மலையில் பெய்தாலும் வெள்ளம் இங்கே வரும்.

இழுக்கும் வண்டியின் டயர் காற்றை 20 பி.எஸ்.ஐ.-க்கு இறக்குங்கள். டிரெய்லர் டயரை வழக்கத்தில் பாதியாக. நடை வேகத்தில், நிற்காமல், ஸ்டியரிங்கை வெட்டாமல் போக வேண்டும். சக்கரம் சுழல ஆரம்பித்தால் அந்த நொடியே காலை எடுங்கள். இன்னும் கொஞ்சம் அழுத்தினால் ஏறிவிடும் என்பவர்கள்தான் அச்சுவரை புதைகிறார்கள். மண்வாரி, இரண்டு பலகை, 12 வோல்ட் கம்ப்ரசர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். திரும்பத் தார்ச்சாலை ஏறுமுன் காற்றை நிரப்பியாக வேண்டும். அரைக்காற்றில் பத்து கிலோமீட்டர் ஓடினாலும் டயர் வெந்துவிடும்.

டிரெய்லரின் மூக்கை வடக்கே வைத்து, கதவு காற்றுக்கு மறைவில் வரும்படி நிறுத்துங்கள். காரணம் பத்தாம் பகுதியில். கேஸில் ஓடும் ஃப்ரிட்ஜ் இருந்தால் ரசமட்டம் வைத்து மட்டம் பார்ப்பது கட்டாயம், சாய்ந்தால் குளிராது.

7. தண்ணீர்

இரண்டு பேருக்கு ஒரு நாள்: குடிக்க, சமைக்க 8 லிட்டர், பாத்திரம் கடைசியாக அலச 4, கை, முகம், பல் 4, ஒருநாள் விட்டு ஒருநாள் ஆளுக்கு 6 லிட்டர் குளியல் என்றால் சராசரி 6. மொத்தம் 22. நூற்றைம்பது லிட்டர் டேங்க் ஏழு நாளைக்குச் சற்று முன்பே தீரும். வீட்டுக் குழாயைத் திறப்பதுபோல் திறந்தால் இரண்டு நாள்.

முலெஹேயில் சுத்திகரித்த தண்ணீர்க் கடைகள் உண்டு. 'அகுவா பூரிஃபிகாதா' என்று எழுதியிருக்கும். நம்மூர் தண்ணீர் கேன்தான், அதே இருபது லிட்டர். அங்கே பெயர் 'கராஃபோன்'. காலிக் கேன் கொண்டுபோனால் சில்லறைக் காசுக்கு நிரப்பித் தருவார்கள். நான்கு கேன் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், 80 லிட்டர் ஆயிற்று. கேனைத் தூக்கி டேங்க் வாயில் கவிழ்க்க முயன்றால் பாதி மணலுக்குப் போகும், இடுப்பும் பிடித்துக்கொள்ளும். குடிநீருக்கான குழாயும் சின்ன 12 வோல்ட் பம்பும் இருந்தால் ஒரு கேன் சில நிமிடத்தில் ஏறிவிடும்.

கடற்கரைக்கே தண்ணீர் வண்டி வரும் நாட்களும் உண்டு. அந்தத் தண்ணீரைக் குளிக்க, கழுவ மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். குடித்தே ஆக வேண்டுமென்றால் வாசனை சேர்க்காத பிளீச் லிட்டருக்கு இரண்டு சொட்டு, இருபது லிட்டர் கேனுக்கு 2 மில்லி. அரை மணி நேரம் விடுங்கள். கலங்கலாக இருந்தால் முதலில் துணியில் வடிகட்ட வேண்டும். வாங்கும்போது பிளீச் சீட்டைப் படியுங்கள், எலுமிச்சை வாசனை, பூ வாசனை எல்லாம் ஆகாது. வீட்டிலிருந்து கிளம்புமுன் டேங்கையும் கழுவ வேண்டும்: 150 லிட்டருக்கு 160 மில்லி பிளீச், நிரப்பி, எல்லாக் குழாயிலும் வாசனை வரும்வரை திறந்து மூடி, நான்கு மணி நேரம் விட்டு, வடித்து, இரண்டு முறை அலசுங்கள்.

பாத்திரத்துக்கு முறை இது. எச்சிலை முதலில் ரப்பர் கரண்டியால் வழித்துக் குப்பையில் போடுங்கள். ஒரு வாளி கடல் தண்ணீரில் சோப்பு, இன்னொரு வாளி கடல் தண்ணீரில் அலசல், கடைசியாக ஸ்பிரே பாட்டிலில் நல்ல தண்ணீர் பீய்ச்சி உப்பை எடுத்துத் துணியால் துடைக்க வேண்டும். எவர்சில்வர் தாங்கும். இரும்பு தோசைக்கல்லை மட்டும் கடல் தண்ணீர்ப் பக்கம் காட்டாதீர்கள், மறுநாள் காலை சிவந்து கிடக்கும். சோப்புத் தண்ணீரைக் கரையிலிருந்து எழுபது தப்படி உள்ளே போய்ப் புதருக்கு ஊற்றுங்கள், கடலில் வேண்டாம்.

குளியலுக்குத் தோட்டத்தில் மருந்தடிக்கும் ஐந்து லிட்டர் கைப்பம்ப் புதிதாக ஒன்று வாங்கி, வெளியே கறுப்புப் பெயின்ட் அடித்து வெயிலில் வைத்துவிடுங்கள். நான்கு மணிக்கு வெந்நீர். கடலில் குளித்துவிட்டு உப்பைக் கழுவ இரண்டு லிட்டர் போதும்.

தேனீக்களைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. இது பாலைவனம், தேனீக்கு நல்ல தண்ணீர் கிடையாது. உங்கள் டிரெய்லரின் வெளிக்குழாயில் ஒரு சொட்டு தொங்கினால் முதலில் ஒன்று வரும், ஒரு மணி நேரத்தில் ஐம்பது. ஈரத் துண்டு, கழுவிக் கவிழ்த்த டம்ளர், நாய்க்கு வைத்த கிண்ணம் எல்லாவற்றிலும் மொய்க்கும். விரட்டினால் கொட்டும். போய்ச் சேர்ந்த அன்றே முப்பது மீட்டர் தள்ளி ஒரு தட்டில் கூழாங்கல் போட்டுத் தண்ணீர் வைத்துவிடுங்கள். கல்லில் உட்கார்ந்து குடிக்கும், முழுகாது. ஒழுகும் வாஷர் எல்லாவற்றையும் மாற்றுங்கள். தேனீ ஒவ்வாமை உள்ளவர்கள் எபிநெஃப்ரின் ஊசி இல்லாமல் வராதீர்கள்.

8. கழிவு

நூறு லிட்டர் கழிவு டேங்க் இரண்டு பேருக்கு ஒரு வாரம், சிக்கனமாக இருந்தால் பத்து நாள். பகலில் குழிக் கழிப்பறையைப் பயன்படுத்தினால் இன்னும் நீளும். கழிப்பறைக் காகிதத்தை டேங்குக்குள் விடாமல் மூடிய கூடையில் சேருங்கள். தண்ணீரை மிச்சம் பிடிக்கிறேன் என்று டேங்கைக் காயவிட்டால் கசடு கூம்பாக இறுகிப்போய்த் திறந்தாலும் இறங்காது. அடியில் எப்போதும் ஐந்து லிட்டராவது நிற்கட்டும்.

காலி செய்ய முலெஹேயில் உள்ள டிரெய்லர் பூங்காக்களில் கேளுங்கள், 200 பெசோ ஒதுக்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தடவையும் டிரெய்லரைக் கிளப்ப மனமில்லாதவர்கள் சக்கரம் வைத்த அறுபது லிட்டர் கழிவுப் பெட்டி வைத்திருப்பார்கள். நிரம்பினால் 60 கிலோ, பிக்கப்பில் ஏற்ற இரண்டு பேர் வேண்டும், மூடியின் ரப்பர் வளையத்தை முதலில் பாருங்கள். இரவில் யாருக்கும் தெரியாமல் ஓடையில் திறந்துவிடுபவர்களால்தான் கடற்கரைகள் மூடப்படுகின்றன.

குப்பையை வெளியே தொங்கவிட்டால் இரவில் கொயோட்டி நரியும் பகலில் பறவைகளும் கிழிக்கும். மூடி இறுகும் வாளியில் போட்டு, தண்ணீர் வாங்கப் போகும்போது ஊருக்கு எடுத்துப்போங்கள்.

9. மின்சாரம், கேஸ், இணையம்

இருநூறு வாட் சோலார் பேனல் குளிர்காலத்தில் நாளுக்கு 700 வாட்-மணி அளவு தரும். விளக்கு, பம்ப், மின்விசிறி, ஃபோன், ஒரு லேப்டாப், ஆறு மணி நேரம் சிறிய செயற்கைக்கோள் இணையத் தட்டு என்று போனால் சரிக்குச் சரியாகும். கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ் வைத்திருப்பவர்களுக்கு 400 வாட் வேண்டும். பேனல் மேல் உப்புப் படலமும் பறவை எச்சமும் சேரும்; இரண்டு நாளுக்கொருமுறை ஈரத்துணியால் துடைப்பது இன்னொரு பேனல் வாங்குவதைவிட மலிவு. முலெஹேயில் டெல்செல் என்ற மெக்சிகோ செல்ஃபோன் நிறுவனத்தின் சிக்னல் கிடைக்கும். குடாவுக்குள் மலை மறைப்பதால் பல இடத்தில் ஒன்றும் இராது.

கேஸ் ஃப்ரிட்ஜும் சமையலும் சேர்ந்து நாளுக்கு அரைக் கிலோ தின்னும். ஒன்பது கிலோ சிலிண்டர் 18 நாள். எவ்வளவு மிச்சம் என்று தெரிய பயணப்பெட்டி எடை பார்க்கும் தராசில் தொங்கவிடுங்கள். காலிச் சிலிண்டர் எட்டுக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு, முழுசு 17. அங்கே சிலிண்டரை மாற்றித் தருவதை எதிர்பார்க்காதீர்கள், கேஸ் நிலையத்துக்கு எடுத்துப்போய் நிரப்ப வேண்டும். பிரஷர் குக்கர் இருப்பவர்கள் அதிர்ஷ்டசாலிகள். சந்தையில் கிடைக்கும் பீன்ஸ் பருப்பைச் சட்டியில் வேகவைக்க இரண்டு மணி நேரமாகும். ஊறவைத்துக் குக்கரில் வைத்தால் கால் மணி.

10. காற்று, கடி, முள்

குளிர்காலத்தில் 'நோர்தே' வீசும். வாடைக்காற்றுதான், ஆனால் இரண்டு மூன்று நாள் விடாமல், கூடாரத்தைப் பிடுங்கும் வேகத்தில். மணல் எல்லா இடுக்கிலும் புகும். சாதாரண முளை மணலில் நிற்காது. துணிப்பையில் மணல் நிரப்பி, கயிற்றைக் கட்டி, இரண்டடி ஆழத்தில் கிடைமட்டமாகப் புதைத்து மிதித்துவிடுங்கள். ஆள் தொங்கினாலும் அசையாது. டிரெய்லரின் மடக்குப் பந்தலைத் தினமும் இரவு சுருட்டிவிட வேண்டும். அதன் கைகள் வளைந்தால் அங்கே மாற்று கிடையாது. காற்று எழும்பும் நாளில் கயாக் எனும் சிறு துடுப்புப் படகை எடுக்காதீர்கள், கரையிலிருந்து தள்ளிக்கொண்டு போய்விடும்.

அலையாத்தி அருகே காற்றில்லாத காலை மாலைகளில் கண்ணுக்குத் தெரியாத கடிப்பூச்சி. சாதாரணக் கொசுவலைக்குள் நுழைந்துவிடும், அதைவிட நெருக்கமான வலை வேண்டும்.

தண்ணீரில் இறங்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் மணலைத் தேய்த்தபடி நடங்கள். புதைந்திருக்கும் திருக்கை அதிர்வு கேட்டு விலகிப் போகும். மிதித்தால்தான் வாலை அடிக்கும். குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய சூட்டில், 45 டிகிரிக்கு மிகாமல், வெந்நீரில் காலை முக்கி வையுங்கள். அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம். சூட்டில் வலி தணியும். மற்றவர் கையை விட்டுப் பார்த்துச் சூட்டைச் சரிபாருங்கள், வலியில் இருப்பவருக்கு வெந்துபோவது தெரியாது. முள் உள்ளேயே நின்றால், அல்லது மார்பிலோ வயிற்றிலோ குத்தியிருந்தால், பிடுங்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முலெஹேயில் சுகாதார நிலையம், சாந்தா ரொசாலியாவில் ஆஸ்பத்திரி, பெரிய சிகிச்சை எதுவானாலும் லா பாஸ், அது ஐந்நூறு கிலோமீட்டர்.

11. காசும் சாப்பாடும்

பெசோ நோட்டாக, அதுவும் 50, 100 ஆக வைத்துக்கொள்ளுங்கள். சாந்தா ரொசாலியா வங்கியில் மொத்தமாக எடுத்துவிடுவது நல்லது. காலையில் மீன், இறால், காய்கறி, தமாலே (சோள மாவில் அவித்த பண்டம்) விற்கும் வண்டிகள் கடற்கரைக்கே வரும். 500 பெசோ நோட்டுக்கு அவர்களிடம் சில்லறை இருக்காது. கொத்தமல்லி, பச்சை மிளகாய், தேங்காய், அச்சு வெல்லம் போன்ற 'பிலோன்சியோ', 'தமரிந்தோ' என்ற பெயரில் நம் புளி எல்லாம் முலெஹே, சாந்தா ரொசாலியா கடைகளில் தேடினால் கிடைக்கும். பருப்புப் பொடி, சாம்பார் பொடி மட்டும் பாக்கெட் பிரிக்காமல் எடுத்துப்போங்கள்.

கரையிலிருந்து தூண்டில் போட உரிமம் வேண்டாம். படகில் ஏறினால் தூண்டில் பிடிக்காதவர் உட்பட ஒவ்வொருவருக்கும் வேண்டும். மட்டியும் சிப்பியும் காலடியிலேயே கிடக்கும், ஆனால் வெளிநாட்டவர் எடுக்க அனுமதியில்லை. விற்க வருகிறவரிடம் வாங்குங்கள்.

12. கிளம்பும்போது

முதல் நாள் மாலையே பந்தல், கயிறு, பலகை எல்லாம் ஏற்றிவிடுங்கள். காலையில் கடல் வற்றியிருக்கும் நேரம் பார்த்து வெளியேறி, தார்ச்சாலைக்கு முன் டயர்க் காற்று நிரப்பி, முலெஹேயில் கழிவைக் காலி செய்து, வண்டி கழுவும் இடத்தில் டிரெய்லரின் அடியை நல்ல தண்ணீரில் பீய்ச்சிக் கழுவச் சொல்லுங்கள். பிரேக், ஸ்பிரிங், கொக்கி மூன்றிலும் உப்பு ஏறியிருக்கும். கொக்கிக் குண்டைத் துடைத்துப் புது கிரீஸ் தடவுங்கள்.

எஃப்.எம்.எம். சீட்டை எல்லையில் குடியேற்ற அலுவலகத்தில் ஒப்படையுங்கள். இதற்கும் யாரும் நிறுத்த மாட்டார்கள், நீங்கள்தான் இறங்க வேண்டும். அமெரிக்கப் பக்கம் வரிசை மூன்று நான்கு மணி நேரம் இழுக்கலாம். கழிவு டேங்கில் கொஞ்சம் இடம் மிச்சம் வையுங்கள். எலுமிச்சை, ஆரஞ்சு, மாம்பழம், பச்சை முட்டை, கோழி, பன்றி இறைச்சி எதுவும் ஃப்ரிட்ஜில் இருக்கக் கூடாது. இருந்தால் கேட்பதற்கு முன் சொல்லிவிடுங்கள். சொன்னால் எடுத்துக்கொண்டு அனுப்பிவிடுவார்கள், சொல்லாமல் அவர்களாகக் கண்டுபிடித்தால் அபராதம்.